பட்டிக்காரியும் ஆறாம் ரூம் விருந்தாளியும்

சின்னவள் அந்தப் பெயரை முதன்முதலில் கேட்டது, அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்த அன்றைக்கு. மாமியாராகப் போகிறவள் வீட்டில் யார் யார் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டு பிள்ளைகள், கட்டிக்கொடுத்த மகள் ஒருத்தி, அவளுக்கு இரட்டைக் குழந்தைகள், ஒன்றுவிட்ட தம்பி ஒருத்தன், அவனுக்குக் காது மந்தம். மூத்த மருமகளிடம் வந்ததும் குரல் தாழ்ந்துவிட்டது.

"அவள எல்லாரும் பட்டிக்காரின்னுதான் கூப்பிடுவாங்க. அவ அப்பா பன்னி வளர்த்தவரு. பொறந்ததே பன்னிப் பட்டிக்குப் பக்கத்துல. மத்தபடி நல்ல பொண்ணு."

அந்த 'மத்தபடி'யைச் சின்னவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வந்த புதிதில் ஓரகத்தியை வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுவாள். ஆனால் அவள் துவைத்த துணியை மோந்து பார்த்துவிட்டுத்தான் மடிப்பாள். ஒருநாள் பட்டிக்காரி அதைப் பார்த்துவிட்டாள். "சோப்பு வாசம் சரியா இருக்கா தங்கச்சி?" என்று கேட்டாள். குரலில் கோபமே இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது.

இரண்டு பேருக்கும் வேலை ஒரே இடத்தில். ஊர் முடிந்து மரங்கள் தொடங்கும் இடத்தில் ஐந்து அறை உள்ள ஒரு தங்கும் விடுதி. பெரியவளுக்குச் சமையலறையில் காய் நறுக்குவது, பாத்திரம், குப்பை. சின்னவளுக்கு மாடியில் அறை கூட்டுவது, படுக்கை விரிப்பு மாற்றுவது. பெரியவளின் வீட்டுக்காரருக்கு முதுகு ஒடிந்து படுக்கையோடு இருந்ததால், அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது.

சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் பின்கட்டுச் சுவரின் உடைப்பு வழியாகக் காட்டுப்பன்றி ஒன்று உள்ளே வந்தது. சமையல் மாஸ்டர் உருளைக்கிழங்குத் தோலை வீசினார். தின்றது. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்து நின்றது. மாதம் ஒன்று போவதற்குள், சாயங்காலம் ஐந்து மணியானால் தங்க வந்தவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். அதைப் பார்க்க வரலாமென்று முதலாளி வாசல் பலகையில் ஒரு வரி எழுதி வைத்தார். ஐந்து அறை விடுதிக்கு வந்த ஆறாவது ஆள் என்பதால் அதற்கு ஆறாம் ரூம் என்று பெயர்.

"ஆறாம் ரூம் எந்திரிச்சாச்சா மாஸ்டர்?" என்று யாராவது கேட்பார்கள்.

"காபி கேட்டு இன்னும் ஆள் அனுப்பலையே."

பட்டிக்காரி சிரிக்கவில்லை. குப்பைத் தொட்டி மூடிகளைக் கம்பி போட்டுக் கட்டினாள். சுவர் உடைப்பில் செங்கல்லை அடுக்கினாள். மறுநாள் மாஸ்டர் அதை எடுத்துப் போட்டார்.

"பன்னிக்குப் பயப்படுற பட்டிக்காரிய இங்கதான் பாக்குறேன்."

"பயமில்ல மாஸ்டர். எனக்கு அதத் தெரியும், உங்களுக்குத் தெரியல. எங்கப்பா பட்டியில அம்பது இருந்துச்சு. ஒவ்வொன்னுக்கும் பேரு வச்சிருந்தாரு. ஆனா குட்டி போட்டதுகிட்ட வெறுங்கையோட போகவே மாட்டாரு. வீட்டுல வளர்த்ததுக்கே அப்படி. இது காட்டுலேருந்து வருது."

"எப்படி வாலாட்டுது பாரு."

"வாலு கெடக்கட்டும். வாயப் பாருங்க."

மூன்றாவது தடவை அவள் உடைப்பை அடைத்தபோது முதலாளியே வந்துவிட்டார். அவளைச் சமையலறையிலிருந்து துணி துவைக்கிற கொட்டகைக்கு மாற்றினார். "இன்னொரு வாட்டி அந்தச் செவுத்துல கைய வச்சா வேற எடம் பாத்துக்கம்மா" என்றார்.

சின்னவளுக்கு வெட்கமாகப் போயிற்று. அவளுடைய ஆறு வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு நேரே விடுதிக்குத்தான் வருவாள். பன்றிக்கு ரொட்டித் துண்டு நீட்டுவதென்றால் அவளுக்கு உயிர். "பாப்பாவ அங்க விடாத" என்று பட்டிக்காரி கெஞ்சாத குறையாகச் சொன்னாள். "பெரியம்மாவுக்கு வேலை மாறின கடுப்பு" என்று சின்னவள் மகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

பிறகு மூன்று வாரம் பன்றி வரவில்லை. எல்லாரும் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"போன மாசமே வயிறு எறங்கிக் கெடந்துச்சு. குட்டி போட்டிருக்கும். இனிமே வந்தா அதுங்களையும் கூட்டிட்டு வரும். அன்னைக்கு யாரும் வெளிய எறங்காதீங்க" என்றாள் பட்டிக்காரி.

"தொட்டில் வாங்கிப் போட்டுருவோம்" என்றார் மாஸ்டர்.

அது வந்த நாளில், முதுகில் கோடு போட்ட குட்டிகள் ஐந்து பின்னாலேயே வந்தன. போனைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் முற்றத்தில் இறங்கிவிட்டார்கள். தாயும் பிள்ளைகளும் ஒரே படத்தில் விழ வேண்டுமென்று மாஸ்டர் சுற்றிப் போய்ச் சுவர் உடைப்பிலேயே நின்றுகொண்டார். மாடியில் விரிப்பை உதறிக்கொண்டிருந்த சின்னவள் கீழே பார்த்தாள். அவள் மகள் ரொட்டியோடு ஒரு குட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள். கை குட்டியின் முதுகில் பட்டது. குட்டி கிறீச்சிட்டது. தாயின் பிடரி மயிர் எழுந்து நின்றதை மாடியிலிருந்தே அவளால் பார்க்க முடிந்தது. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை.

கொட்டகையிலிருந்து பட்டிக்காரி வந்தாள். ஓடவில்லை, விறுவிறுவென்று நடந்தாள். கையில் விரிப்பு மடிக்கிற பலகை, கதவு அகலம் இருக்கும். பிள்ளைக்கும் பன்றிக்கும் நடுவில் அதை நிறுத்தி முழங்காலால் முட்டுக்கொடுத்தாள். பன்றி மோதியதில் கதவை உதைத்தது போலச் சத்தம் கேட்டது. இன்னொரு தடவை. மூன்றாவது தடவை பன்றி பக்கவாட்டில் புகுந்து அவள் இடது கெண்டைக்காலைக் கவ்விப் பிய்த்தது. பலகை சாயவில்லை.

"பாப்பா, பெரியம்மா துணியப் புடிச்சுக்க. அப்படியே பின்னாடி நட."

அப்புறம் தலையைத் திருப்பாமல், அடுப்பைத் தணிக்கச் சொல்கிற குரலில் சொன்னாள்: "மாஸ்டர், நீங்க நிக்கிறது அது போற வழி. நகருங்க."

மாஸ்டர் விழுந்தடித்து நகர்ந்தார். குட்டிகள் முதலில் உடைப்பில் நுழைந்தன, தாய் கடைசியாகப் போயிற்று. பால் பொங்குகிற நேரம்கூட ஆகவில்லை.

சின்னவள் படியிறங்கி வந்து, கையிலிருந்த புது விரிப்பை அந்தக் காலில் சுற்றினாள். ஆஸ்பத்திரியில் பதினாலு தையல். கட்டிலருகே உட்கார்ந்து, "என்னால கத்தக்கூட முடியலக்கா" என்று அழுதாள்.

"நல்லவேளை. கத்தியிருந்தா அது இன்னும் மெரண்டிருக்கும்."

முதலாளி பழக்கூடையோடு வந்து கட்டில் ஓரமாக நின்றார். அந்தப் பன்றியைச் சுடச் சொல்லி ஆள் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

"அது என்ன பண்ணுச்சு? அத நம்ம வீட்டு ஆளுன்னு நெனச்சது நாமதான். அது நம்மள அப்படி நெனைக்கல. பழமெல்லாம் வேணாம் ஐயா, செங்கல் வாங்குங்க."

அந்த வாரமே சுவர் எழுந்தது. கலவைச் சட்டியைச் சுமந்தவர் மாஸ்டர். வாசல் பலகையிலிருந்த வரியை முதலாளி தன் கையாலேயே அழித்தார். விசாரிக்க வந்த நகரசபை அதிகாரி பட்டிக்காரி சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்; மரங்களை ஒட்டிய மற்றத் தெருக்களுக்கும் வந்து இதைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். கால் ஆறியதும் ஞாயிற்றுக்கிழமைகளில் போக ஆரம்பித்தாள். கூடவே சின்னவளும் போனாள். யார் இது என்று வீட்டுக்காரர்கள் கேட்டால் சின்னவள்தான் முந்திக்கொள்வாள்.

"எங்க அக்கா. அம்பது பன்னி இருந்த வீட்டுல வளர்ந்தவங்க. சொல்றதக் கேட்டுக்குங்க."

இப்போது பட்டிக்காரி அதே விடுதியில் சமையலறைப் பொறுப்பில் இருக்கிறாள். இடது காலைக் கொஞ்சம் சாய்த்து நடக்கிறாள். குடும்பங்கள் தனித்தனியான பிறகும் குடியிருப்பது சின்னவள் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான்.