சிதம்பரத்தில் இருந்த ஜெர்மனி

வெளிநாடு போகவேண்டும் என்ற ஆசை எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை. கப்பல் ஏறவேண்டும் என்ற ஆசைதான் இருந்தது. வெளிநாடு அதற்குப் போகும் வழியில் குறுக்கே வந்தது, அவ்வளவுதான்.

எங்களுடையது கடலூருக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். அப்பாவுக்கு ஒரு ஃபைபர் போட் இருந்தது. கரையில் ஏற்றி வைத்திருக்கும்போது அதன் நிழலில் உட்கார்ந்து படித்திருக்கிறேன். அதன்மேல் துணி காயப்போட்டு அடி வாங்கியிருக்கிறேன். ஆனால் அது தண்ணீரில் இருக்கும்போது ஒருமுறைகூட ஏறியதில்லை. பெண்பிள்ளை போட்டில் ஏறக்கூடாது என்பது ஊர் வழக்கம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதில் ஒன்றுகூட எனக்குப் பிடிக்கவில்லை.

என் வயதுப் பையன்கள் மீசை முளைக்கும் முன்பே கடலுக்குப் போய்விட்டு வந்தார்கள். முதல்முறை போய் வந்தவனைக் கரையில் வலை பிரிக்கும் ஆட்கள் சுற்றி நின்றுகொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்கள். "எறங்கிடணும்னு தோணுச்சாடா?" ஆமாம் என்றால் முதுகில் தட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இல்லை என்றால், "தோணலையாம்டா, இவனுக்குத் தொழில் உண்டு" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லி டீ வாங்கிக் கொடுப்பார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அந்தக் கேள்வியை என்னிடம் கேட்க ஒருத்தரும் இல்லையே என்று பொறாமையில் வயிறு எரியும்.

பிறகு சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேதியியலில் முதுகலை படித்தேன். கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்ட் என்று வந்தபோது பிடிவாதமாகக் கடல்நீரை எடுத்துக்கொண்டேன். தண்ணீர் எடுக்கும் சாக்கில் போட்டில் ஏறிவிடலாம் என்பது என் திட்டம். பலிக்கவில்லை. பரங்கிப்பேட்டையிலிருந்து தேவனாம்பட்டினம் வரைக்கும் போட் வைத்திருக்கிற அத்தனை பேரும் ஏதோ ஒரு வகையில் எனக்கு மாமா முறை. என்னைப் பார்த்ததுமே, "உங்கப்பாவுக்கு யாரு பதில் சொல்றது, நீ எறங்கு மொதல்ல" என்பார்கள். கூடப் படித்த மாணவர்கள் போட்டில் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வருவார்கள். நான் கரையில் உட்கார்ந்து லேபிள் ஒட்டுவேன்.

அந்தச் சமயத்தில்தான், 2010இல், என் ப்ராஜெக்டைப் பார்த்துக்கொண்ட மேடம் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஜெர்மனியின் வடக்கே கடலோரத்தில் ஓர் ஆய்வு நிலையம், பல நாட்டு மாணவர்களுக்கு மூன்று வாரப் பயிற்சி, போகவர டிக்கெட்டும் அவர்களே. நடுவில் சில நாட்கள் ஆய்வுக் கப்பலில். கப்பல் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

நேர்முகத் தேர்வு கம்ப்யூட்டரில் நடந்தது. எனக்கு முன்னால் பேசியவர்கள் பூமி வெப்பமாவதைப் பற்றிக் கடகடவென்று ஒப்பித்தார்கள். என் முறை வந்தது. இந்தப் பயிற்சியில் என்ன எதிர்பார்க்கிறாய் என்று கேட்டார்கள். கப்பலில் ஏறவேண்டும் என்றேன். வேறு? அதுதான், வேறொன்றுமில்லை என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. படம் நின்றுவிட்டது என்று நினைத்து மேடம் வயரை ஆட்டிப் பார்த்தார். பிறகு அங்கிருந்த வெள்ளைக்காரர் சிரிக்கும் சத்தம் கேட்டது.

என்னைத்தான் எடுத்தார்கள். மின்னஞ்சலைப் பார்த்துவிட்டு ஹாஸ்டல் படிக்கட்டில் குதித்து இறங்கிக் கால் சுளுக்கி, சுளுக்கிய காலோடும் குதித்தேன்.

அப்பா சம்மதித்த விதம் இன்றுவரை எனக்கு வியப்புத்தான். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அது கப்பலு, போட் இல்ல. அந்தக் கடலுக்கு நம்ம ஊரு வழக்கம் தெரியாது" என்றார். வழக்கறிஞர்கூட இப்படி ஓர் ஓட்டை கண்டுபிடித்திருக்க மாட்டார்.

அதற்குமேல் காரியத்தை மாமா கையில் எடுத்துக்கொண்டார். அம்மாவின் தம்பி, வேன் ஓட்டுகிறவர், சொந்த வேன். எங்கள் குடும்பத்தில் பிளக்ஸ் பேனர் இல்லாமல் காதுகுத்துகூட நடக்க விடமாட்டார். தெருமுனையில் ஒன்று, மஞ்சக்குப்பத்தில் பஸ் போகிற சாலையில் ஒன்று. "கடல் கடந்து கற்கச் செல்லும் எங்கள் குலக்கொழுந்தே" என்று மேலே எழுத்து. நடுவில் என் பாஸ்போர்ட் போட்டோ, திருட்டு வழக்கில் பிடித்து வைத்தாற்போல. பின்னால் ஒரு வெள்ளைக் கப்பல், மேல்தளத்தில் நீச்சல்குளத்தோடு. கீழே கூலிங்கிளாஸ் போட்டு, செல்போனைக் காதில் வைத்தபடி மாமா, என்னைவிடப் பெரியதாக. "இதுக்கே டிசைனர்கிட்ட சண்டை போட்டேன், அவன் இன்னும் ஜாஸ்தியா பெருசாக்கப் பாத்தான்" என்றார் அடக்கமாக.

சித்திரை பிறந்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, வேன் கிளம்பியது. ஆரத்தி, கற்பூரம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பன்னிரண்டு பேர் உட்காரும் வேனில் எத்தனை பேர் என்று எனக்கே தெரியாது. மாமா வாங்கித் தந்த குரங்குக்குல்லாயைப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். அந்த வெயிலில் போட்டும் காட்டினேன். சென்னை வரைக்கும் சிரிப்பு, பாட்டு, புளிசாதம். அப்பா கடைசி சீட்டில் யாரோ ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் அவரிடம் ஒரு வார்த்தை பேச வாய்க்கவில்லை.

விமான நிலையத்தில் விமானம் இல்லை. ஐஸ்லாந்தில் ஓர் எரிமலை வெடித்து, சாம்பல் ஐரோப்பா முழுக்க வானத்தில் பரவிவிட்டதாம், அங்கே எதுவும் பறக்காதாம். கவுன்டரில் இருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார். மாமாவுக்குப் புரியவில்லை. "சாம்பல்தானே சார், வைப்பர் போட்டா போயிடாதா?"

என்றைக்குப் பறக்கும் என்று யாருக்கும் தெரியவில்லை. கப்பல் அடுத்த வெள்ளிக்கிழமை காலை கிளம்பும், அதற்குள் வந்து சேர்ந்தால் கப்பல், இல்லாவிட்டால் கரையில் ஆய்வகம் மட்டும் என்று நிலையத்திலிருந்து எழுதியிருந்தார்கள். பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுவதற்கு ஜெர்மனி எதற்கு, பரங்கிப்பேட்டை போதாதா?

வேன் திரும்பியது. பாதி வழியில் அம்மா குண்டைத் தூக்கிப் போட்டாள். "இவ வீட்டுக்கு வரக்கூடாது. கற்பூரம் காட்டி வழியனுப்பியாச்சு. போன காரியம் முடியாம வாசப்படிய மிதிச்சா அப்புறம் அந்தக் காரியம் நடக்காது."

"திரும்பி வந்தா ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புனா சரியாப் போவுது" என்றார் மாமா.

"அது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போறவுங்களுக்கு. இவ கடல் தாண்டுறா."

மாமாவும் அதற்குமேல் வாதாடவில்லை. பேனர் கட்டிய கயிறுகூட இன்னும் தளராத நிலையில் குலக்கொழுந்தை வேனிலிருந்து இறக்கிவிட அவருக்கும் மனமில்லை. தெருவில் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்று வேனில் இருந்த எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார். மற்றவர்களை வீட்டில் இறக்கிவிட்டு, என்னைக் கொண்டுபோய்ச் சிதம்பரம் ஹாஸ்டலில் விட்டார்.

அறைத்தோழிகள் என் சொத்தைப் பங்கு போட்டு முடித்திருந்தார்கள். மெத்தை ஒருத்தியிடம், அயர்ன் பாக்ஸ் இன்னொருத்தியிடம். பக்கெட்டைக் கேட்டதற்கு, "நீதான் ஜெர்மனி போயிட்டியே" என்றாள் ஒருத்தி. கடைசிவரை கொடுக்கவில்லை.

மறுநாள் மதியம் அம்மா தூக்குச்சட்டியில் மீன்குழம்போடு பஸ் பிடித்து வந்துவிட்டாள். ஹாஸ்டல் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். நான் நாலு வாய் சாப்பிட்ட பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். "தெருவுல கேக்குறாங்க. சேந்துட்டா, ஒரே குளிருன்னு சொல்லிட்டேன். இன்னிக்கு என்னா சொல்றது?"

எனக்குப் புரையேறியது. யோசித்து, ராத்திரி எட்டரை மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அதைச் சொல் என்றேன். மேடம் சொல்லி எனக்குத் தெரிந்த நிஜம் அது ஒன்றுதான். அம்மா உதட்டைப் பிதுக்கினாள். "நம்புற மாதிரி எதனா சொல்லு."

"வீட்டுக்கு வீடு நாய். நாய்க்கும் ஸ்வெட்டர்."

"இது நல்லாருக்கு" என்று எழுந்து போய் பஸ் பிடித்தாள்.

இப்படியே தினமும் நடந்தது. சித்திரை வெயிலில், வியர்வை சொட்டச் சொட்ட, மீன்முள்ளை எடுத்துக்கொண்டே நான் அம்மாவுக்கு ஜெர்மனியைச் சொல்லிக்கொடுத்தேன். அங்கே ரயிலில் யாரும் பேசமாட்டார்கள், உருளைக்கிழங்கைச் சோறு மாதிரி சாப்பிடுவார்கள், ஆற்றில் வாத்துகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மா திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். அவள் போனதும் ஹாஸ்டல் டிவி முன்னால் போய் உட்காருவேன். சீரியலை மாற்றச் சொன்னதற்கு முதல்நாள் என்னை அடிக்க வந்தவர்கள், மூன்றாம் நாள் அவர்களாகவே செய்தி வைத்துச் சாம்பல் எந்தப் பக்கம் போகிறது என்று எனக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தபோது மாட்டிக்கொண்டேன். எதிரே எங்கள் எதிர்வீட்டு அத்தை, கோயிலுக்கு வந்தவர்.

"ஏம்மா, நீ ஜெர்மனியில இல்ல இருக்க?"

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை அத்தை. லீவு."

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வந்ததுதான் வந்த, வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போகக்கூடாதா? உங்கம்மா உன் நெனப்பாவே கெடக்கறா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் நம்பினாரா, நம்புகிற மாதிரி நடித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

புதன்கிழமை வானம் திறந்தது. மறுநாள் விமானத்தில் இடம் கிடைத்தது. வியாழன் இரவுக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம், கப்பல் வெள்ளி காலை. இரண்டாம் முறை வழியனுப்பினால் முதல் முறை செல்லாது என்று அம்மா வரவில்லை, வேனும் வரவில்லை. அப்பா மட்டும் சிதம்பரத்துக்கு வந்து என்னைச் சென்னை பஸ்ஸில் ஏற்றித் தானும் ஏறினார்.

அந்த பஸ் கடலூர் வழியாகத்தான் போகும் என்பது மஞ்சக்குப்பம் வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது. ஜன்னலுக்கு வெளியே நான், நீச்சல்குளத்தோடு. "தலையக் குனி" என்றார் அப்பா. என் பேனருக்குப் பயந்து நானே சீட்டுக்கடியில் சுருண்டுகொண்டேன். நிமிர்ந்தபோது அப்பாவும் குனிந்திருந்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்க பாண்டிச்சேரி வந்துவிட்டது.

விமான நிலையத்தில் நான் உள்ளே போகும் முன் அப்பா இரண்டே விஷயம் சொன்னார். "வயித்தக் காலியா வெக்காத. தண்ணியக் குனிஞ்சு பாக்காத, வானமும் கடலும் ஒட்டுற எடத்தப் பாரு." விமானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்து, ஜன்னல் வழியாக அந்த இடத்தைத் தேடிக்கொண்டே போனேன்.

கப்பலுக்கு ஓடித்தான் போனேன். வெள்ளையுமில்லை, நீச்சல்குளமுமில்லை. கால் வைத்தேன், கீழே பலகை லேசாக அசைந்தது. அவ்வளவுதான், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணமில்லாமல் சிரித்துக்கொண்டு கப்பல் முழுக்க ஓடினேன். துறைமுகத்தைத் தாண்டும் வரைதான் அந்தச் சிரிப்பு.

தாண்டியதும் வாந்தி. காலையில் வாந்தி, மதியம் வாந்தி, ஒன்றுமே உள்ளே இல்லாதபோதும் வாந்தி. மற்றவர்கள் காபி குடித்துக்கொண்டு நின்றார்கள். கடலையே அதுவரை பார்த்திராத நேபாளத்துப் பெண் ஒருத்தி, ஒரு கையால் ஆப்பிள் கடித்துக்கொண்டு மறுகையால் என் பின்னலைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் வீட்டில் என்ன தொழில் என்று கேட்டாள். மீனவக் குடும்பம் என்று சொல்லி முடிப்பதற்குள் மறுபடி குனிந்தேன். அப்புறம் அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு வானமும் கடலும் ஒட்டுகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் நாள் என் கையாலேயே தண்ணீர் எடுத்தேன். லேபிளும் நானேதான் ஒட்டினேன்.

கரைக்கு வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டேன். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தார் போல, சுற்றிலும் ஆட்கள் பேசும் சத்தம், காற்று. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

"ரெண்டு நாளு விடாம வாந்திப்பா."

அப்பா குரலைத் தாழ்த்தினார். "நானு மூணு மாசம் எடுத்தேன். உங்கம்மாவுக்கே தெரியாது."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எறங்கிடணும்னு தோணுச்சா?"

"இல்லப்பா."

அப்பா போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, அங்கே இருந்தவர்களிடம் உரக்கச் சொன்னது எனக்குக் கேட்டது.

"தோணலையாம்டா."