தேர் நாளில் வந்த அப்டேட்

அந்த வெள்ளைக் கோடு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதியில், அத்திம்பேர் வீட்டு வாசலில் நின்ற காருக்குள், திரையின் அடியில் நகர்ந்துகொண்டிருந்த கோடு. நகர்ந்தது என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். விடிந்தும் விடியாத நேரம். முந்தின நாளே வந்து வீதியோரம் படுத்திருந்த முசிறிப் பக்கத்து ஜனங்கள் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ‘ரங்கா, ரங்கா’ என்று குரல் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். சித்திரைத் தேர் புறப்படப் போகிறது. காரின் திரையோ, மென்பொருள் ஏறிக்கொண்டிருக்கிறது, வண்டியை எடுக்காதே என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே அத்திம்பேர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “என்னடா இது? நீதானே இதுக்கெல்லாம் டாக்டர்?” என்றார்.

அத்திம்பேர் என் அக்காவின் கணவர். நான் டாக்டரும் இல்லை, மண்ணும் இல்லை. காட்டூரில் ஒரு கார் சர்வீஸ் சென்டரில், வண்டியை விட வருகிறவர்களிடம் பேசுகிற வேலை. முன்பெல்லாம் குறை சொல்லி வருகிறவரிடம் கழற்றிய பாகத்தைக் கையில் கொடுத்து, இதுதாங்க தேய்ந்துபோச்சு என்று காட்டலாம். அவரும் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். இப்போது காட்ட ஒன்றுமில்லை. எஞ்சினுக்கு ஒரு மின்னணுப் பெட்டி, பிரேக்குக்கு ஒரு பெட்டி, கதவுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று வண்டி முழுக்கப் பெட்டிகள். அவை ஓயாமல் தங்களுக்குள் பேசிக்கொண்டே இருக்கும். கம்பெனி அவ்வப்போது எங்கிருந்தோ அவற்றுக்குப் புதுப் பாடம் அனுப்பும். மறுநாள் எவராவது வந்து, “நேத்து வரைக்கும் நல்லாத்தானேங்க ஓடுச்சு, என்னங்க பண்ணினீங்க?” என்று என் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்பார். “சாஃப்ட்வேர்ங்க, ஓட்ட ஓட்டச் சரியாயிடும்” என்பேன். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துவிட்டது. வீட்டில் மிக்சி நின்றாலும் இதுதான் வாயில் வருகிறது.

அத்திம்பேருக்கு ஒரே பிள்ளை. என் மருமான். படித்து முடித்த கையோடு அமெரிக்கா போனவன். ஞாயிறு தவறாமல் வீடியோவில் வருவான், வந்ததும் வீட்டுப் பேச்சை எடுப்பான். “அந்த ஆத்தை வித்துடுங்கோப்பா. அம்மாவால மாடி ஏற முடியல. லிஃப்ட் இருக்கற ஃப்ளாட்டாப் பாத்துண்டு போயிடலாம்.” சொன்னதில் தப்பே இல்லை. அக்காவுக்கு மூச்சு இரைப்பு. ஆனால் அத்திம்பேர் பிடி கொடுக்க மாட்டார். “அவன் திரும்பி வந்துடுவான்டா. வந்தா இந்த ஆத்துலதான் இருப்பான். நான் வித்துட்டேன்னா அவனுக்கு வரணும்னே தோணாது” என்பார். பிள்ளைக்காக மாடி அறைக்கு வெள்ளையடித்து, ஏசி மாட்டி, படுக்கைக்கு அவ்வப்போது விரிப்பு மாற்றி வைத்திருந்தார். அந்த அறையில் வேறு யாரையும் படுக்க விடமாட்டார். ஒரு தடவை எனக்கே ‘ஹால்ல படுத்துக்கோயேன்’ என்று சொல்லிவிட்டார்.

காரும் மருமான் வாங்கிக் கொடுத்ததுதான். அவன் பேரில் பதிவு, அவன் போனில் ஆப். அப்பா எங்கே போகிறார், டயரில் காற்று இருக்கிறதா, பெல்ட் போட்டாரா என்று எல்லாம் அவனுக்கு அங்கே தெரியும். எனக்கென்னவோ அது பிடிக்கவில்லை. இந்த வயசுக்கு மேல் ஒரு மனுஷனை இப்படியா கண்காணிப்பது? அத்திம்பேருக்கோ அதில் அவ்வளவு பெருமை. “அங்க உக்காந்துண்டு நம்மளையே பாத்துண்டிருக்கான் பார்” என்று கடைக்காரரிடம்கூடச் சொல்வார். பிள்ளையின் மனசு ஸ்ரீரங்கத்தை விட்டுப் போகவில்லை என்பதற்கு அவருக்கு அந்த ஆப் ஒன்றே போதும்.

தேருக்கு முதல் நாளே சித்திரை வீதிகளில் வண்டி நிற்கக் கூடாது என்று மைக்கில் கத்திக்கொண்டு போவார்கள். அன்று சாயங்காலம் அக்காவை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த அலுப்பில், விடிகாலையில் எடுத்து அம்மா மண்டபம் பக்கம் விட்டுக்கொள்ளலாம் என்று அத்திம்பேர் காரை வாசலிலேயே விட்டுவிட்டார். விடிகாலையில் குளித்துத் திருமண் இட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தால், திரையில் கோடு. கியர் நகரவில்லை. பார்க்கிங் பிரேக் பின் சக்கரங்களைக் கவ்விக்கொண்டிருந்தது. தேர் பார்க்க வந்த நான்தான் மாட்டிக்கொண்டேன். பாட்டரியைக் கழற்றிவிடலாம், ஆனால் பாடம் ஏறுவது பிரேக் பெட்டிக்கு. பாதியில் நிறுத்தினால் அந்தப் பெட்டி செத்தே போகும். அப்புறம் வண்டி நகரவே நகராது. காத்திருப்பதைத் தவிர ஒன்றும் செய்ய முடியாது என்றேன். அதற்குள் ஒரு போலீஸ்காரர் வந்துவிட்டார்.

“ஐயா, வண்டிய எடுங்க, எடுங்க!”

“அப்டேட் ஆயிட்டிருக்கு சார்.”

“எது வேணா ஆகட்டும்ங்க, அங்க தேர் வருது!”

யார் இதை ஆரம்பித்தது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அத்திம்பேருக்கு அந்தப் பொத்தானெல்லாம் தொடத் தெரியாது. மருமானுக்குப் போன் போட்டேன். சத்தத்தில் காது கேட்காமல் ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஆமா மாமா, நான்தான் போட்டேன்” என்றான், ரொம்ப இயல்பாக. “பிரேக் சேஃப்டி அப்டேட். அப்பா அதைப் போடாமலே இருந்தார். அங்க விடியக்காலம், வண்டி சும்மாத்தானே நிக்கறதுன்னு போட்டுட்டேன். ஏன், என்ன சத்தம் அங்க?”

“தேர்டா” என்றேன்.

“இன்னிக்கா தேர்?”

அத்திம்பேர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். இந்த வீதியில் பிறந்தவன். விவரம் தெரிந்த நாளிலிருந்து இந்த வாசலில் அப்பா தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவன். அக்கா உள்ளிருந்து தேங்காய்த் தட்டோடு வந்து நின்றிருந்தாள், அவளும் கேட்டுவிட்டாள். மருமான் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை, என்ன திட்டுவது என்றுதான் தெரியவில்லை. அப்பா அம்மா நன்றாக இருக்க வேண்டும் என்று செய்த பிள்ளையை என்னவென்று திட்டுவது?

தேர் இழுக்க வந்த ஆட்கள் சுற்றிக்கொண்டார்கள். “என்னண்ணே, கார் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருச்சா?” என்று ஒருவர் கேட்டார். “அட, மொதல்ல இந்தத் தேரை இழுப்போம், வாங்கப்பா!” என்றார் இன்னொருவர். சிரிப்பும் கோவிந்தா கோஷமுமாக ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வண்டியை அப்படியே தரையிலிருந்து தூக்கி, பக்கத்துச் சந்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அத்திம்பேர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். வண்டியைக் கீழே வைத்துக் கொஞ்ச நேரத்திலேயே திரை பளிச்சென்று எரிந்து, வெற்றிகரமாக முடிந்தது என்றது. நல்லா முடிஞ்சது போ, என்று வாய்விட்டே சொன்னேன்.

தேர் வந்தது. வருஷா வருஷம் முதல் ஆளாக ஓடி வடம் பிடிக்கிற அத்திம்பேர் அன்று வாசலை விட்டு இறங்கவில்லை. பெருமாள் கடந்து போனதும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். கார் நின்னுபோனதுக்கா இவ்வளவு வருத்தம் என்று சாயங்காலம் சமாதானம் சொல்லப் பார்த்தேன். “வண்டி கிடக்கட்டும்டா” என்றார். “அது என்னிக்கோ ஒரு நாள் நிக்கத்தான் செய்யும். தேர் என்னிக்குன்னு அவனுக்குத் தெரியலியே.” பிறகு, “அவன் சொன்ன மாதிரியே இந்த ஆத்தை வித்துடலாம். ஆள் பாரு” என்றார். அக்கா அடுப்படியில் அழுதாள்.

இப்போது உறையூர்ப் பக்கம் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறார்கள். லிஃப்ட் இருக்கிறது, அக்காவுக்கு மூச்சு பரவாயில்லை. கார் கீழே அதற்கான இடத்தில் நிற்கிறது, அப்டேட் எப்போது வந்தாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பத்திரம் பதிய மருமான் வந்திருந்தான். நல்ல பிள்ளை, அதில் சந்தேகமே இல்லை. இருந்த நாளெல்லாம் அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டான். திரும்பிப் போகிற அன்று ஏர்போர்ட் வாசலில் அப்பாவைக் கட்டிக்கொண்டான். “அப்பா, வர்ற வருஷம் தேருக்குக் கண்டிப்பா வரேன். போன்ல ரிமைண்டர்கூடப் போட்டுட்டேன்” என்றான்.

அத்திம்பேர் அவன் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார்.

“வாயேன்டா கண்ணா. வந்து யாராத்து வாசல்ல நின்னு சேவிக்கப்போறே?” என்றார்.