சாச்சாவின் வீடியோ கெசட்டும் நான் செய்த நியாயமும்

வாப்பாவின் தம்பியை நான் சாச்சா என்று கூப்பிடுவேன். அவர் நான்கு வருடம் சவூதியில் வேலை செய்துவிட்டு எங்கள் ஊரான பதுளைக்குத் திரும்பியபோது ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும், அதில் வருவதைப் பதிந்து வைக்கும் டெக் ஒன்றும் கொண்டுவந்தார். நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தே கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் குடும்பம் துணிக்கடையின் மேல்மாடியில் குடியிருந்தது. சாச்சா கூரையில் நின்று அன்டெனாவைத் திருப்புவார். "வந்துட்டு... வந்துட்டு... ஐயோ, போயிட்டு!" என்று நான் ஜன்னலில் இருந்து கத்துவேன்.

ஒருநாள் மாலை தமிழ் நிகழ்ச்சியொன்றில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தைக் காட்டினார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் இளம் பெண்ணிடம் மைக்கை நீட்டி, எத்தனை வருடமாக வேலை செய்கிறாய் என்று கேட்டார்கள். அவள் பேச வாய் திறந்தாள், சிரிப்பு வந்துவிட்டது. "எங்கம்மாகிட்ட கேளுங்க, அவங்கதான் நல்லாப் பேசுவாங்க" என்று சொல்லி முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு நிமிடம்கூட இராது. நம் ஊர்ப்பக்கம் வருகிறதே என்று சாச்சா அதைப் பதிந்து வைத்தார்.

தோட்டத்துத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் அப்போது மின்சாரம் இல்லை. ஆகவே ஸ்பிரிங்வெளியைத் தொலைக்காட்சியில் காட்டியதை ஸ்பிரிங்வெளியில் இருந்தவர்கள் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து கடைக்கு வந்த பெண்களிடம் சாச்சா செய்தியைச் சொன்னார். அவர்கள் செருப்பைக் கீழே கழற்றிவிட்டு மாடி ஏறி வந்தார்கள். அந்தப் பெண்ணும் வந்திருந்தாள், தாயோடு.

"நீயாடி இது?" என்றார் தாய். மகள் தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சாச்சா மூன்று தடவை போட்டுக் காட்டினார். மூன்று தடவையும் அவள் ஒளிந்தாள்.

வாப்பாவுக்கு இப்படிப் பதிந்து வைப்பது பிடிக்கவில்லை. அளந்து கொடுக்கும் துணியில் ஒரு விரற்கடை குறைந்தாலும் ஆளைத் திருப்பிக் கூப்பிட்டு மாற்றிக் கொடுப்பவர் அவர்.

"வீட்டுக்கு வந்த விருந்தாளிய நேரமாகினா போக உடணும். புடிச்சுப் பூட்டி வெக்கிறதா?" என்று கேட்டார்.

"நானா, காத்துல வாரதத்தானே புடிச்சேன்? யாருட வீட்டுக்குள்ளயும் போய் எடுக்கல்லியே" என்றார் சாச்சா. அண்ணனை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார்.

இந்த வாதம் இரவுச் சாப்பாட்டில் பல மாதம் நடந்தது. இடையில் சாச்சா, தான் பதிந்த நாடகங்களைக் கூட்டாளிமாருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். கடைக்கு வரும் நீதிமன்ற உத்தியோகத்தர் ஒருவரிடம் வாப்பா கேட்டுப் பார்த்தார். வீட்டில் பார்க்கப் பதிவதைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறதென்று தனக்கே தெளிவில்லை, ஆனால் நாடகத்தை எடுத்தவர்களைக் கேட்காமல் பிரதி எடுத்துக் கொடுப்பது சரியில்லை என்றார் அவர். அதே வாரம் குர்ஆன் ஓதப்போன இடத்தில், எங்களுக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாத், கேட்காமல் எடுப்பது எதுவானாலும் களவுதான் என்று சொன்னார். நான் பத்து வயதுச் சிறுமி. எங்கள் வீட்டு அலுமாரியில் களவுச் சாமான் இருக்கிறதென்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அந்தத் தாய் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார். இப்போது மகள் அவரோடு வருவதில்லை. "சின்ன மொதலாளி, ஒருக்கா போட்டுக் காட்டுறீங்களா?" என்று கேட்பார். அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்துவிட்டு, எழுந்து போய்விடுவார். வீட்டில் இருக்கும் மகளைப் பார்க்க எதற்குப் பஸ் ஏறி வருகிறார் என்று நான் யோசித்ததுண்டு. யாரிடமும் கேட்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வாப்பாவும் சாச்சாவும் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார்கள். உம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார். நான் அலுமாரியைத் திறந்து, ஸ்பிரிங்வெளி கெசட்டை எடுத்து டெக்கில் போட்டேன். சாச்சா அழுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். பகலில் ஒளிபரப்பு இல்லை. திரையில் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் மட்டும் இரைந்துகொண்டிருந்தன. அவர்கள் திரும்பி வருவதற்குள் அந்தப் பெண் வந்த இடத்தின் மேல் அந்தப் புள்ளிகள் பதிந்துவிட்டன. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாத ஒன்றைப் பதிந்திருக்கிறேன் என்று எனக்கு மிகுந்த திருப்தி.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாய் வந்தார். சாச்சா கெசட்டைப் போட்டார். புள்ளிகள் வந்தன. சாச்சா முன்னால் ஓட்டினார், பின்னால் ஓட்டினார்.

"அவசரமில்லீங்க. மெதுவா வரட்டும்" என்றார் அந்தத் தாய்.

வாப்பாவும் அங்கே நின்றிருந்தார். அவர் முன்னால் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று எனக்குத் தோன்றியது.

"நான்தான் அழிச்சேன் வாப்பா. அது களவுச் சாமான்தானே?"

வாப்பா என் தலையைத் தடவுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். சாச்சா கையை ஓங்கினார். அந்தத் தாய்தான் இடையில் வந்தார்.

"புள்ளைக்கு என்னாங்க தெரியும். விடுங்க சின்ன மொதலாளி."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஒங்கட மகள் வீட்டுலதானே ஈக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"இல்ல பாப்பா. இந்தியாவுக்குக் கப்பலேறிப் போயிட்டா. மூணு மாசமாச்சு."

தோட்டத்து ஆட்களில் ஒரு பகுதியினரை அப்போது இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மகளுடைய கணவன் குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் கிடைத்திருந்தது. தாய்க்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை. வாப்பா பிறகு உம்மாவிடம் சொன்னபோது இது என் காதில் விழுந்தது. எங்கள் கடைச் சேலைகள் பாதி இந்தியாவிலிருந்துதான் வந்தன. அங்கே போனவளும் அப்படி வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வாப்பா தொலைக்காட்சி நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். ஒரு தாயின் பொருட்டு அந்த ஒரு நிமிடத்தின் பிரதி வேண்டும், முறைப்படி அனுமதி கேட்கிறோம் என்று எழுதினார். பதில் வரவில்லை. மறுபடியும் எழுதினார். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு பதில் வந்தது. பதிவு நாடாத் தட்டுப்பாட்டால் அந்த நாடாவிலேயே வேறொரு நிகழ்ச்சி பதியப்பட்டுவிட்டதாம்; வருந்துகிறார்களாம்.

சாச்சா சத்தமாக வாசித்தபோது எனக்குப் பெரிய பாரம் இறங்கியது. சொந்தக்காரர்களே தங்கள் சாமானை அழித்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன். "அப்ப எனக்கிட்ட பிழ இல்லதானே வாப்பா?" என்று கேட்டேன்.

"இல்ல மகள்" என்றார் வாப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்பிரிங்வெளி பஸ் வரும் நேரத்துக்கு வாப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். தான் போய்ச் சொல்வதாகச் சாச்சா சொன்னதற்குத் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். நாலு எட்டு வைத்தார், நின்றார், மறுபடி நடந்தார். அந்தத் தாயிடம் யார்மேலும் பிழையில்லை என்று சொல்லத்தானே போகிறார், அதற்கு ஏன் இப்படித் தயங்கித் தயங்கி நடக்கிறார் என்று எனக்கு விளங்கவேயில்லை.