பெனிட்டோ அண்ணாச்சியின் இருபத்திரண்டு பாயிண்ட்

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பியும் ஆங்கிளும் சேனலும் தகடும் விற்கும் பெனிட்டோ அண்ணாச்சி ஒருநாளும் குதிரை மீது ஏறியதில்லை. பக்கத்தில் போனதுகூடக் குறைவு. அதன் முடி பட்டால் அவருக்குத் தும்மல் வரும். ஆனாலும் கிண்டி ரேஸில் எந்தக் குதிரை முதலில் வரும் என்று தீர்மானிக்கும் பொறுப்பு பல வருஷங்களாக அவரிடமே இருந்தது. இதற்கு யாரும் மறுப்புச் சொன்னதில்லை, குதிரைகளைத் தவிர.

ரேஸ் பருவத்தில் ஞாயிறுதோறும் நாலு பேர் ஒரு பழைய ஆம்னி வேனில் கிண்டிக்குக் கிளம்புவார்கள். வேன் முபாஷிருடையது, ஓட்டுவதும் அவர்தான். மளிகை மொத்த வியாபாரி உச்சிமாகாளி திருவொற்றியூரில் ஏறுவார். விசைப்படகு ஓட்டும் செல்வம் காசிமேட்டில் ஏறுவார். நாலு பேரும் பங்கு போட்டு ஒரே ஒரு ஜாக்பாட் டிக்கெட் எடுப்பார்கள். அடுத்தடுத்த ஐந்து ரேஸிலும் ஜெயிக்கப் போகும் குதிரையை முன்கூட்டியே சொல்ல வேண்டும்; ஒன்று தப்பினாலும் டிக்கெட் குப்பைக்கு. அந்த ஐந்தையும் தேர்ந்தெடுப்பவருக்கு வேனில் முன்சீட்டு. பின்சீட்டில் மற்ற இருவரோடு செல்வத்தின் ஐஸ் பெட்டியும் வரும் என்பதை வைத்துப் பார்த்தால், முன்சீட்டின் மதிப்பு புரியும்.

அண்ணாச்சி அந்த இடத்துக்கு வந்தது சுலபமான வழியில். ஆரம்பத்தில் அவர் ஜாக்கி யார் என்று மட்டும் பார்த்தார். ஒரு தடவை பலித்தது. பிறகு பலிக்கவில்லை. தோற்ற குதிரைக்கு எடை அதிகம் என்று தெரிந்தது. எடையும் ஒரு பாயிண்ட் ஆனது. அடுத்த தோல்வியன்று தரை ஈரம், ஈரமும் சேர்ந்தது. பூனாவிலிருந்து லாரியில் வந்த குதிரை ஒன்று தூங்கி வழிந்தபோது, இரும்பு தாங்குவதுபோல் குதிரை லாரிப் பயணத்தைத் தாங்காது என்ற உண்மை அவருக்குப் புலப்பட்டது. அதுவும் சேர்ந்தது. குதிரையின் அப்பா, அப்பா ஓடிய தூரம், பயிற்சியாளர், காலைப் பயிற்சி ஓட்டம், ரேஸ் தொடங்கும்போது நிற்கும் கட்டம் எல்லாம் வந்தன. ஒரு ஜாக்கி கல்யாணமான மறுவாரம் தோற்றதிலிருந்து ஜாக்கியின் குடும்ப நிலவரமும் வந்தது. இப்படி ஒவ்வொரு தோல்வியும் ஒரு பாயிண்டைப் பெற்றெடுக்க, கொரோனாவுக்குப் பிறகு கிண்டி மறுபடி திறந்த பருவத்தில் அவை இருபத்திரண்டாக வளர்ந்திருந்தன. இதற்கு மேல் தோற்க அவருக்குக் காரணமே இல்லை என்று உச்சிமாகாளி சொன்னார். பாராட்டாகத்தான் சொன்னார்.

இருபத்திரண்டிலும் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரை மார்க் போட்டுக் கூட்டினால் முதல் குதிரை எழுபத்தொன்று வாங்கும், கடைசிக் குதிரை அறுபத்தெட்டு வாங்கும். ஒன்றில் குறைந்தது இன்னொன்றில் ஏறிவிடும். ஒருமுறை கடைசி ரேஸுக்கு அண்ணாச்சி கூட்டி முடித்து நிமிர்ந்தபோது டிக்கெட் கவுன்டர் மூடி, ரேஸ் முடிந்து, குதிரைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

செல்வத்தின் முறை வேறு. அவர் புத்தகம் பார்ப்பதில்லை. ரேஸுக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எது சாணி போடுகிறதோ அது ஜெயிக்கும். படகில் சரக்கை இறக்கினால் வேகம் கூடுவது அவர் கண்ணால் கண்டது. அதிலும் இரண்டு தடவை பலித்துவிட்டது. அண்ணாச்சிக்கு இது விஞ்ஞானத்தின் முகத்தில் விழுந்த சாணியாகப் பட்டது. ஆனால் அந்தப் பருவத்தில் அண்ணாச்சி எழுதிய டிக்கெட் ஒன்றுகூடப் பலிக்கவில்லை.

ஒரு ஞாயிறு திரும்பி வரும் வழியில் செல்வம் பேச்சை எடுத்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காத. அடுத்த வாரமும் துட்டு பூட்சினா முன்சீட்டு எனுக்கு. டிக்கெட்டும் நான்தான் போடுவேன்."

முபாஷிர் சாலையைப் பார்த்தார். உச்சிமாகாளி ஐஸ் பெட்டியைப் பார்த்தார். அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது, இது ஏற்கெனவே பேசி முடித்த விஷயம்.

அந்த வாரம் கடையில் ஆங்கிள் கேட்டவருக்குச் சேனல் போனது. சனிக்கிழமை சாயங்காலம் விம்கோ நகர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ரேஸ் புத்தகத்தை விரித்து, கட்டம் போட்ட தாள்களைப் பரப்பி உட்கார்ந்தார். இருபத்து மூன்றாவதாக ஒன்றைச் சேர்ப்பதா என்பதுதான் அவர் யோசனை. எதிரில் அவர் மனைவி ரெஜினா கடையின் எடைச்சீட்டுகளையும் பில்லையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் இடம் போதாமல் ஒரு தாளை நகர்த்தியவர், அதைப் படித்துவிட்டு, பெரிய ஜாக்கி என்று இந்தக் குதிரைக்கு ஐந்து மார்க் போட்டிருக்கிறதே, பெரிய ஜாக்கி ஏன் இதில் ஏறுகிறார் என்று கேட்டார். போன மூன்று ரேஸிலும் நன்றாக ஓடியதால் என்றார் அண்ணாச்சி. நன்றாக ஓடியதற்குத் தனியாக ஐந்து இருக்கிறதே? ஆமாம். ஊரெல்லாம் இதன் மேலேயே கட்டுகிறது என்று இன்னொரு ஐந்து. ஊர் ஏன் கட்டுகிறது? நன்றாக ஓடியதாலும் பெரிய ஜாக்கி ஏறுவதாலும். பேர்பெற்ற பயிற்சியாளருக்கு ஐந்து. அவர் இதை ஏன் வைத்திருக்கிறார்? அண்ணாச்சி பென்சிலைக் கடித்தார்.

"ஒரே லாரிய நாலு தடவ எடைமேடையில ஏத்தியிருக்கீக," என்றார் ரெஜினா. "நாலு லோடு வந்துச்சின்னு பில்லும் போட்டிருக்கீக. கடையில இத ஒருத்தன் செஞ்சா விடுவீகளா?"

அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. குதிரை விஷயத்தில் யார் எது சொன்னாலும் தாங்குவார். ஆனால் எடைமேடையை வைத்துச் சாத்தாங்காட்டு வியாபாரி ஒருவரைக் குத்துவது வேறு. சாப்பாடு வைக்கும் நேரம் தாண்டியும் இருவரும் ஒவ்வொரு பாயிண்டாக எடுத்து, இது தனி லாரியா, பழைய லாரியே சுற்றி வருகிறதா என்று பார்த்து அடித்துக்கொண்டே போனார்கள். புதுமாப்பிள்ளை ஜாக்கியை மட்டுமாவது விட்டுவைக்கலாம் என்று அண்ணாச்சி மன்றாடினார்.

"நமக்குக் கல்யாணமான புதுசுல நீங்க கடைக்குப் போகலியா?"

போனார்தான். ஒரு டன் கம்பியைக் கூடுதலாக ஏற்றி அனுப்பியதும் அந்த மாதத்தில்தான். அதை இப்போது சொல்ல வேண்டாம் என்று அவரே அதையும் அடித்துவிட்டார்.

கடைசியில் நின்றவை மூன்று: சமீபத்தில் எப்படி ஓடியது, எவ்வளவு எடை சுமக்கிறது, இந்தத் தூரத்தை இதற்கு முன் ஓடி முடித்திருக்கிறதா. வெறுமையாகக் கிடந்த கட்டங்களைப் பார்க்க அண்ணாச்சிக்குக் கடை கொள்ளை போனது மாதிரி இருந்தது. ஆனால் முதல் தடவையாகக் குதிரைகள் ஒன்றுக்கொன்று விலகி நின்றன. ஒன்று பதினாலு, இன்னொன்று ஆறு.

ஞாயிறன்று டிக்கெட்டை அந்த மூன்றை வைத்தே எழுதினார். யாரிடமும் மூச்சுவிடவில்லை. முதல் குதிரை வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதும் நாலாவதும் வந்தபோது உச்சிமாகாளி அவருக்குத் தன் செலவில் சமோசா வாங்கித் தந்தார். மளிகை மார்க்கெட்டில் இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஐந்தாவது ரேஸில் இவர்கள் குதிரை 'குயின் ஆஃப் கோவளம்'. ஊர் முழுக்க 'வெல்வெட் டிரம்' மேல் கட்டியிருந்தது. வேலியோரம் போய்ப் பார்த்துவிட்டு வந்த செல்வத்தின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"நம்ம குயினு ஒண்ணும் எறக்கல நைனா. ஃபுல் லோடோட போவுது. டிரம்மு ரெண்டு தபா எறக்கிட்ச்சி."

அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். கூட்டம் ஒரே குரலாகக் கத்தி, அது ஓய்ந்து, டிக்கெட்டுகளைக் கிழிக்கும் சத்தம் சுற்றிலும் கேட்டது. கண்ணைத் திறந்தபோது செல்வம் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். சுமையோடு ஓடிய குயின் ஒரு கழுத்து நீளத்தில் ஜெயித்திருந்தாள். அண்ணாச்சிக்குத் தும்மல் வந்தது. இத்தனைக்கும் பக்கத்தில் குதிரை எதுவும் இல்லை.

கல்மண்டபத்தில் டீ குடிக்க வேனை நிறுத்தினார்கள். செல்வம் தன் சாணி முறையை எல்லார் முன்னாலும் கைவிட்டார். முன்சீட்டு ஆயுசுக்கும் அண்ணாச்சிக்கே என்று முபாஷிர் அறிவித்தார். பிறகு உச்சிமாகாளி, இந்தத் தடவை பாயிண்ட் எத்தனை, இருபத்தைந்து தாண்டியிருக்குமே என்று பயபக்தியோடு கேட்டார்.

இங்கே அண்ணாச்சி தலையாட்டியிருக்கலாம். முப்பது என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். ஆனால் எடைமேடை விஷயம் அவர் மனதை முந்தின நாளிலிருந்தே அறுத்துக்கொண்டிருந்தது. இனிமேல் சரியான கணக்குத்தான் என்று இருந்தவர், "மூணு," என்றார். எந்த மூன்று என்பதையும் விளக்கினார். கடையில் சரக்கின் தரத்தைச் சொல்வதுபோல நிதானமாக, ஒளிக்காமல் சொன்னார்.

செல்வம் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"மூணே மூணு தானா? அத்த நானே பாத்துக்குவேனே."

உச்சிமாகாளிக்கும் தோன்றியது அதேதான். புத்தகத்தில் மூன்று வரி படிப்பதற்கு ஒரு ஆளா, அவருக்கு ஒரு சீட்டா? முபாஷிர் தன் பழைய அறிவிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. டிக்கெட் ஜெயித்ததை யாரும் மறுக்கவில்லை. ஜெயித்தது மூன்று பாயிண்ட். அது இப்போது நாலு பேருக்கும் பொது.

அடுத்த ஞாயிறு முன்சீட்டில் செல்வம் உட்கார்ந்திருந்தார், மடியில் ரேஸ் புத்தகம். அண்ணாச்சி பின்னால் ஏறி ஐஸ் பெட்டி மேல் கையை வைத்துக்கொண்டார். வண்டி ராயபுரம் பாலம் ஏறும்போது, மூன்றும் சரி, கூடவே ஜாக்கி யார் என்று மட்டும் ஒரு பார்வை பார்த்தால் என்ன என்று உச்சிமாகாளி கேட்டார். ஈரத்தையும் பார்க்க வேண்டும் என்றார் முபாஷிர். கடற்கரை ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் பாயிண்ட் ஏழாகியிருந்தது. செல்வம் பென்சில் கேட்டார். அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து எடுத்து, முனையைப் பார்த்து, கூராக இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, முன்னால் நீட்டினார்.