முன் இருக்கையா, பின் இருக்கையா?

முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே! அண்ணனைப் பற்றி எழுத வீட்டில் வேறு ஆள் கிடைக்கவில்லை. அப்பா பிறந்த தேதியை எழுதியதோடு நிறுத்திவிட்டார். அம்மா பேனாவைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறார். மிஞ்சியவன், பந்திக்குப் பந்தி உளறிச் சிரிப்பு மூட்டும் நான்தான். பொறுத்தருளுங்கள்.

அண்ணன் பிறந்து வளர்ந்தது கோவில்பதாகையில். அப்பாவின் ஷிப்ட் சம்பளத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே சைக்கிள். அண்ணன் மிதிப்பார்; நான் பின்னால் உட்கார்ந்து யோசனை சொல்வேன். அவர் விமானப் படையில் சேர்ந்தார். நான் அரியர் எழுதச் சேர்ந்தேன்.

பயிற்சி விமானத்தில் புதியவர்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பது அவர் பணி. அவர் கடைசியாக வீட்டுக்கு வந்திருந்த கிறிஸ்துமஸில், இரண்டு நாற்காலிகளை முன்னும் பின்னுமாகப் போட்டு அம்மாவுக்கு அதை விளக்கினார். முன்னால் மாணவனாக நான், பின்னால் அவர்.

“ஆபத்துன்னா ‘குதி’ம்பேன். இவன் பாராசூட்டோட வெளிய போவணும். அப்பறம்தான் நான்.”

“இவன் குதிக்கலன்னா இன்னா பண்ணுவ நைனா?” என்றார் அம்மா.

“அதுவரிக்கும் ஒக்காந்துகினுதாம்மா இருக்கணும்.”

நான் முறுக்குத் தட்டோடு சாய்ந்துகொண்டு, “டிபன் முடிச்சிட்டு குதிக்கிறேன் சார்” என்றேன். வீடே சிரித்தது.

தவக்காலத்தில் ஒரு முற்பகல், எங்கள் தெருவில் தொலைபேசி வைத்திருந்த ஒரே ஆளான மருந்துக்கடைக்காரர் ஓடிவந்தார். “பிளேன் உழுந்திடுச்சாம். ரெண்டு பேர்ல ஒருத்தர் பொழச்சிகினாராம். பேர் சொல்றதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு.”

ஒருவர் பிழைத்திருக்கிறாரே, அழாதீர்கள் என்றது தெரு. அம்மா மட்டும் கடைக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “முன் சீட்டா, பின் சீட்டா? அத்தச் சொல்லு” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

“அண்ணனுக்குப் பசி தாங்காதும்மா. அவருதான் மொதல்ல எறங்கியிருப்பாரு” என்றேன். நான் சொல்லி யாரும் சிரிக்காத நகைச்சுவைகள் ஏராளம். ஆனால் யாராவது நம்பித் தொலையுங்கள் என்று கெஞ்சிச் சொன்னது அது ஒன்றுதான்.

அம்மா மாதா சுரூபத்தின் முன் மண்டியிட்டார். அப்பா சுவரைப் பார்த்தபடி, “அவன் அந்தப் புள்ளைய உட்டுட்டு எறங்கமாட்டான்” என்றார்.

மாலையில் மறுபடியும் அழைப்பு வந்தது. பிழைத்தவர் மாணவர்.

பெட்டியைத் தோள்கொடுத்துச் சுமந்த தெரு நண்பர்களுக்கும், வாரக்கணக்கில் சோறு கொண்டுவந்த முகப்பேர் அத்தைக்கும், அம்மாவின் கோபத்தையெல்லாம் வாங்கிக்கொண்ட பங்குத்தந்தைக்கும் எங்கள் நன்றி.

அந்த மாணவருக்கும் நன்றி. பாராசூட்டில் இறங்கியபோது முறிந்த கால் கூடியதும் சேலத்திலிருந்து ஊன்றுகோலுடன் எங்களைப் பார்க்க வந்தார். அம்மா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“தம்பி, ஒண்ணு சொல்லிடறேன். பொழச்சது எம்புள்ளையா இருக்கணும்னுதான் அன்னிக்கு மண்டி போட்டேன். உனக்குன்னு ஒரு வார்த்த கேக்கல.”

மாணவர் சோற்றில் கை வைத்தபடியே அழுதார். “எங்க அம்மாவும் அப்படித்தாம்மா வேண்டிக்கிட்டாங்களாம்.”

அம்மா குழம்புச் சட்டியை அருகில் இழுத்து வைத்துக்கொண்டார். பிறகு, “அவுங்க வேண்டுனது மாதாவுக்குக் கேட்டுகிச்சு” என்றார். மாணவரின் தட்டில் குழம்பு ஊற்றினார்.

அந்த மாணவரின் தாய்க்கும் இம்மலர் ஒன்று அனுப்ப வேண்டும். முதல் பக்கத்தில் கையால் என்ன எழுதட்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். இந்த முறை அம்மா எழுந்து போகவில்லை; பேனாவை வாங்கிக்கொண்டார்.