மிரர் மெஷினில் ஜாபர் பாய் குரல்

ஜாபர் பாய் இறந்துவிட்டார்... இன்று காலை, கோட்டைமேட்டில் அவர் வீட்டிலேயே. தொண்டைப் புற்றுநோய் திரும்ப வந்திருந்தது.

ஆனால் அவர் இறந்த பிறகு அவர் பேசியதை நான் கேட்டேன். சத்தியமாக.

பெருந்துறையில் நாங்கள் வேலை பார்க்கும் ஃபேக்டரி சர்வர்களுக்கு இன்டர்நெட் கிடையாது, பாதுகாப்புக்காக. அப்டேட் எல்லாவற்றையும் கோவை ஆபீஸில் டவுன்லோட் செய்து, ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய், உள்ளே ஒரு மெஷினில் ஏற்றுவோம். மற்ற சர்வர்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

லோக்கல் மிரர் என்போம். அதை அமைத்தவர் பாய்தான். டிஸ்க்கை டிபன் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருவார்... சோற்றுக்கும் அப்டேட்டுக்கும் ஒரே பை.

உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, மெயிலும் வராது. ஏற்றி முடிந்தது தெரிய வேண்டுமே என்று ஒரு சின்ன ஸ்பீக்கரை மாட்டி, தன் குரலையே பதிவு செய்து வைத்தார்.

"ஏனுங்க... புதுசெல்லாம் வந்துருச்சுங்க. வந்து எடுத்துக்கோங்க."

பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரியே இருக்கும்.

இன்னொன்று... உள்ளே போன எதுவும் வெளியே வரக் கூடாது. டிஸ்க்கைக்கூட அங்கேயே துளைபோட்டு உடைத்துவிடுவோம். இதில் பாய் மகா கறார்.

ஒருமுறை ஆயுத பூஜை போட்டோக்கள் தவறிப்போய் டிஸ்க்கோடு உள்ளே போய்விட்டன. ஜி.எம். திருப்பிக் கேட்டார். "ஒண்ணுகூடத் தரமாட்டனுங்க சார். கோவிச்சுக்காதீங்க... அடுத்த பூஜைக்கு இன்னும் நல்லாச் சிரிச்சு நின்னுக்கலாமுங்க" என்றார் பாய்.

பிறகு ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிட்டார்கள்.

வேலைக்குத் திரும்பிய அன்று அவர்தான் டிஸ்க்கை ஏற்றினார். ஸ்பீக்கர் பேசியது. பாய் அதன் எதிரில் பேச முடியாமல் நின்றார்.

வேறு குரல் வைத்துவிடட்டுமா பாய் என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார். அன்றிலிருந்தே எனக்கு அந்த அறைக்குள் போக உள்ளூர ஒரு பயம்.

இன்று காலை டிஸ்க்கை ஏற்றியது நான். குரல் கூப்பிட்டது. வெளியே வந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தால்... செய்தி.

மதியம் போனேன். மய்யித்தை அடக்கத்துக்கு எடுத்துச் சென்ற பிறகு அவர் மனைவி மெஹரூன் அக்கா என் கையை விடவே இல்லை.

"அவரு பழைய கொரலு அங்க இருக்குதுன்னு எழுதிக் காட்டுவாரு கண்ணு. எங்கிட்ட ஒண்ணுமில்ல... போன் மாத்துனப்ப எல்லாம் போயிருச்சு. கல்யாண கேசட்டுல பாட்டுச் சத்தந்தான். ஒரே ஒருக்கா கேட்டுட்டாப் போதும்."

கணவர் இறந்ததால் அக்கா இனி இத்தா இருக்க வேண்டும். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது. அந்த மெஷினையோ அடுத்த மாதம் மாற்றி, குரல் இருக்கும் பழைய டிஸ்க்கை உடைக்கப் போகிறார்கள்.

வாசலில் நின்றே ஜி.எம்முக்கு போன் செய்தேன். அக்கா கேட்டதைச் சொன்னேன்.

"அந்தக்கா வர்ற வரைக்கும் மெஷின் ஓடட்டும் அம்மணி. நானே உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

அதுவரை ஒவ்வொரு முறையும் நான்தான் போய் ஏற்ற வேண்டும். அந்தக் குரலைத் தனியாகக் கேட்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது...

போய் வாருங்கள் பாய். அக்கா வரும்வரை பேசிக்கொண்டே இருங்கள்.