இன்னைக்கு யாரு செத்தா?

இந்த மலாய் நாட்டுத் தமிழர்கள் காலையில் ஒருவரை ஒருவர் பார்த்தால், "பசியாறியாச்சா?" என்று கேட்பார்கள். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று அர்த்தம். கேட்கும்போதே வயிறு குளிரும் சொல். என்னை மட்டும் யாரும் அப்படிக் கேட்பதில்லை. காலை ஆறு மணிக்கு, கருக்கல் விலகாத பொழுதில், தோட்டத்து முச்சந்தியில் பேக்டரி பஸ்ஸில் கால் வைத்தால் உள்ளேயிருந்து பெண்கள் எல்லாரும் கேட்பது, "வா லா, இன்னைக்கு யாரு செத்தா?" என்றுதான். பேச்சுக்குப் பேச்சு 'லா' சேர்ப்பது இவர்கள் வழக்கம். அறந்தாங்கியில் விடியும் முன்னே இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அம்மா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டிருப்பாள். இங்கே பதில் சொல்லாவிட்டால்தான் குற்றம். "ஒரு பேங்க் மேனேஜர். கழுத்துல வயரு," என்று சொல்லிக்கொண்டே டிரைவருக்குப் பின்னால் உள்ள என் இடத்தில் உட்காருவேன். பஸ் நீலாய்க்குக் கிளம்பும். தொழிற்சாலை வாசல் வர நாற்பது நிமிடம். அதற்குள் ஒரு அத்தியாயம்.

நான் கல்யாணமாகி இங்கே வந்து பதினாலு வருடம் ஆகிறது. வீட்டுக்காரர் இந்தத் தோட்டத்திலேயே பிறந்தவர், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். நாங்கள் இருப்பது தோட்டத்துக்கு எதிரே உள்ள தாமானில், அதாவது வரிசை வீடுகள் கட்டிய குடியிருப்பில். இருந்தும், எந்தப் படிவத்தில் விலாசம் கேட்டாலும் என் பேனா 'அறந்தாங்கி' என்றுதான் ஆரம்பிக்கும். அடித்துத் திருத்துவேன். ஆபீசில் உள்ள மலாய்ப் பெண்கள் சிரித்துக்கொண்டே புதுப் படிவம் தருவார்கள். தோட்டத்தில் என் பெயர் 'ஊர்க்காரி'. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். முதலில் அது குத்தியது. இப்போது அந்தப் பெயரில் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

கதை சொல்லும் வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம், என்னோடு பஸ்ஸில் வரும் திலகா. அவள் சிரம்பானில் லோபாக் பக்கம் உள்ள ஒரு கடையில், சாமி படத்துக்கும் ஊதுவத்திக்கும் நடுவில் தொங்கும் மாத நாவல்களை வாங்கி வருவாள். எங்கள் பஸ்ஸில் பாதிப் பேருக்குத் தமிழ் படிப்பது ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டுவதற்குள் செத்தவனுக்குப் பதினாறாம் நாள் காரியம் வந்துவிடும் என்பார்கள். நான் எட்டாவதோடு நின்றவள்தான். ஆனால் என் அப்பா அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் பெட்டிக்கடை வைத்திருந்தார். துணி காயப்போடும் கிளிப் மாட்டிக் கயிற்றில் நாவல்களைத் தொங்கவிடுவார். விற்கும் முன்னே நான் படித்துவிட வேண்டும், படித்த தடமும் தெரியக்கூடாது. "புதுப் புத்தகம் மாப்பிள்ளை மாதிரி. முதுகு வளைஞ்சா மதிப்பு போச்சு," என்பார் அப்பா. அதனால் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு மட்டும் விரித்து, ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்ப்பது போலப் படிக்கப் பழகினேன். இன்றும் அப்படித்தான் விரிக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளால் ஒரு வரி பார்க்க முடியாது. அங்கே அது தனியாகத் தின்ற திருட்டு மிட்டாய். இங்கே பதினைந்து பேர் கை விடும் தட்டு.

பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஆளுக்கு ஒரு கொலைகாரனைச் சொல்ல வேண்டும். தவறாகச் சொன்னவர்கள், சரியாகச் சொன்னவர்களுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, வாங்கித் தர வேண்டும். அதனால் கதை சொல்கிறவள் முன்கூட்டி முடிவைப் படிக்கக்கூடாது.

இந்த வருடம் நாங்கள் கொன்று முடித்தவற்றில் சிலவற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலை பங்களாவில் வைரம் காணாமல் போகும் கதை ஒன்று. கடைசியில் இரட்டைப் பிறவி என்று முடித்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் இரட்டைப் பிறவியைக் கொண்டுவரும் எழுத்தாளர், குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று உருளைக்கிழங்கு போடுகிறவர். மாமியார் கொடுமை நாவல் ஒன்று. நாயகி இருபது பக்கத்துக்கு ஒரு தரம் தூணைப் பிடித்து அழுவாள். "இவள ஒரு ஷிப்டுக்கு நம்ம பேக்கிங் லைன்ல நிக்க வை லா, அழுவ நேரம் இருக்கான்னு பாப்போம்," என்றாள் திலகா. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். அந்தப் பெண் அழுத ஓர் இடத்தில் பஸ்ஸே மூக்கை உறிஞ்சியதை நான் பார்த்தேன். இங்கிலீஷிலிருந்து தமிழாக்கிய ஒன்று வந்தது. பனி கொட்டும் ஊர், பெரிய மாளிகை, ஒன்பது விருந்தாளி, நாலு மணிக்கு டீ, டீயில் விஷம். எங்கள் ஆட்கள் ஒன்பது பேரையும் விட்டுவிட்டார்கள். "அந்த டீயப் போட்டது யாரு? அவ பேரையே சொல்ல மாட்டேங்கிறியே," என்று சண்டைக்கு வந்தார்கள். புத்தகத்தில் அவளுக்குப் பெயரே இல்லை. அவ்வளவு கெட்டிக்காரத் துப்பறிவாளரின் கண்ணில் படாத ஒரு பொம்பளை, தோட்டத்துப் பெண்கள் கண்ணில் முதல் பக்கத்திலேயே பட்டுவிட்டாள். அன்றிலிருந்து எந்த நாவலைப் பிரித்தாலும் டீ போடுகிறவருக்குப் பெயர் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன்.

எங்கள் டிரைவர் பாக் டின் மலாய்க்காரர். பல வருடமாகத் தமிழ் கேட்டுக் கேட்டு 'செத்துட்டான்' என்ற ஒரு சொல்லை மட்டும் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கிறார். ஒருநாள் எல்லாரும் இறங்கிய பிறகு என்னை நிறுத்தி, "காக், கம்போங் காக் பஹாயா கே?" என்று கவலையாகக் கேட்டார். அக்கா, உங்கள் ஊர் அவ்வளவு ஆபத்தான ஊரா என்று. நான் தினமும் ஊர்ச் செய்தி சொல்லித் துக்கம் கொண்டாடுகிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம். புத்தகத்தைக் காட்டி விளக்கினேன். அவர் முழுதாக நம்பியதாகத் தெரியவில்லை.

இப்போது, எங்கள் பஸ்ஸில் வரும் லெட்சுமி அக்காவுக்கு வருகிறேன். ஐம்பத்தைந்து வயது, தனி ஆள். தோட்டம் வீடு கட்டும் கம்பெனிக்குக் கைமாறி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளை இடிக்கப் போகிறார்கள். எல்லாக் குடும்பத்துக்கும் நீலாய் பக்கம் அடுக்குமாடியில் வீடு ஒதுக்கியாயிற்று. மாதக் கடைசிக்குள் லயத்துச் சாவியைத் தோட்ட ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காதவர்களுக்கு ஒதுக்கிய வீடு வேறு பேருக்குப் போய்விடும். எல்லாரும் கொடுத்தார்கள். அக்கா மட்டும் கொடுக்கவில்லை. அவளுடைய தங்கச்சி வசந்தி பதினோரு வருடத்துக்கு முன்னால் வீட்டில் சண்டை போட்டு ஒருவனோடு கோலாலம்பூர் பக்கம் போனவள். இரண்டு தீபாவளிக்கு வாழ்த்து அட்டை வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. "அவளுக்குத் தெரிஞ்சது இந்த லயத்து நம்பருதான். நாளைக்கு வந்து கதவத் தட்டுனா மண்ணுமேடா பதில் சொல்லும்?" என்பாள் அக்கா. யாராவது வற்புறுத்தினால், "காணாமப் போனவங்களுக்கு வயசாவறதில்ல. அவ இன்னும் அதே சண்டையோடதான் வருவா," என்று சிரிப்பாள்.

போன மாதம் திலகா கொண்டுவந்த நாவல், என் கெட்ட நேரம், காணாமல் போன தங்கையைப் பற்றியது. சுகந்தி என்ற பெண் ஒருநாள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். எட்டு வருடம், வருடத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. நலமாக இருக்கிறேன், தேடாதே என்று. பிறகு கடிதம் நின்றுவிட, அக்கா தேடத் தொடங்குகிறாள். நல்ல நடை, ஒவ்வொரு அத்தியாயமும் பஸ் நிற்கும் இடத்தில் சரியாக நிற்கும். அதுவரை கதைக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்த லெட்சுமி அக்கா பின் இருக்கையிலிருந்து முன்னால் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கடுதாசி வந்துச்சா?" என்பதுதான் தினமும் அவள் கேள்வி. பந்தய நாளில் ஒருத்தி வக்கீல் என்றாள், ஒருத்தி பால்காரன் என்றாள். திலகா சுகந்தியின் அக்கா புருஷனைச் சொன்னாள். "ரொம்ப நல்லவனா இருக்கான். சட்டையில கறையே இல்லாதவன் கைய மோந்து பாக்கணும்." வாழ்க்கையில் முதல் முறையாக லெட்சுமி அக்கா பந்தயம் கட்டினாள். "யாரும் சாவல. அவ உசுரோட வந்துருவா."

அக்கா அப்படிச் சொன்ன பிறகு, முடிவு தெரியாமல் பஸ் ஏற எனக்குத் துணிவில்லை. சட்டத்தை மீறி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். சுகந்தி வீட்டை விட்டுப் போன அன்றே செத்துப்போயிருந்தாள். புதைத்தது கிணற்றடித் துவைகல்லுக்குக் கீழே. கடிதங்களை எழுதியது அக்கா புருஷன். திலகா சொன்னதுதான் சரி.

திங்கட்கிழமை காலையில் புத்தகத்தை இரண்டு விரல் விரித்து வைத்துக்கொண்டு, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். சுகந்தி மழையில் நனைந்து வந்து பழைய வீட்டுக் கதவைத் தட்டினாள் என்றேன். "அக்கா திறந்ததும் என்ன சொன்னா தெரியுமா? 'சாப்பிட்டியா?' அவ்வளவுதான்," என்றேன். பஸ்ஸே கைதட்டியது. திலகா மட்டும், "அப்ப அக்கா புருஷன் சும்மாவே நல்லவனா? என்னா கதை லா இது," என்று முணுமுணுத்தாள். மறுநாள் எல்லாரும் கொண்டுவந்த நாசி லெமாக் பொட்டலங்கள் லெட்சுமி அக்கா மடியில் குவிந்தன. அவள் அதையெல்லாம் பிரித்து எல்லாருக்கும் ஊட்டிவிட்டாள். நான் என்னமோ பெரிய புண்ணியம் செய்தது போல ஜன்னல் வழியாகச் செம்பனைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை செய்தி வந்தது. ஆபீஸ் கெராணி, அதாவது குமாஸ்தா, சாவி கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார். லெட்சுமி அக்கா, "நான் வரல. எனக்கு ஒதுக்குன வீட்ட வேற யாருக்காச்சும் குடுங்க," என்று சொல்லிவிட்டாளாம். என் கதையை நம்பித்தான் அங்கேயே இருக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடுத்த நாள், புத்தகத்தைத் திரும்ப வாங்கிப்போன திலகா பஸ்ஸில் ஏறியதுமே என் முன்னால் நின்றாள்.

"ஏய் ஊர்க்காரி! செத்தவள உசுரோட எழுப்பி உட்டியே, நீ என்னா சாமியாரம்மாவா? எம் புத்தகத்துல இல்லாத முடிவு ஒன் வாயில எப்புடி வந்துச்சி?"

நல்லவேளை அன்று லெட்சுமி அக்கா வேலைக்கு வரவில்லை. நான் காரணத்தைச் சொன்னதும் திலகாவின் கோபம் இறங்கியது. குரல் மட்டும் இறங்கவில்லை. "நல்லது செய்றேன்னு நடுரோட்டுல நிக்க வெச்சிட்ட லா அவங்கள. நாளையோட மாசம் முடியுது. நீயே போயி சொல்லு. புத்தகத்த எடுத்துட்டுப் போ."

சாயங்காலம் போனேன். காலியான லயத்தில் அந்த ஒரு வீட்டு வாசலில் மட்டும் கோலம் இருந்தது. அக்கா வெளியே காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளே ஆரம்பித்தாள். "பொய் சொன்னேன்னு சொல்லத்தானே வந்த? எனக்கு அன்னைக்கே தெரியும். தெனம் பக்கம் திருப்பித் திருப்பிப் படிப்ப. அன்னைக்கு நாப்பது நிமிசம், ஒரு பக்கம் திருப்பல."

"பின்ன ஏன்க்கா சாவி குடுக்க மாட்டேன்னு சொன்னீங்க?"

"எந்தங்கச்சியப் பத்திப் பேச்செடுத்தா எல்லாரும் தலையக் குனிஞ்சிக்குவாங்க. நீ ஒருத்திதான் அவள உசுரோட கூட்டியாந்து கதவத் தட்ட வெச்ச. பொய்யின்னு தெரிஞ்சும் அதுக்குள்ள ரெண்டு நாளு இருந்து பாத்தேன். சரி, ஒக்காரு. நெசமான முடிவப் படி."

படித்தேன். ஒவ்வொரு பக்கமும் திருப்பியபோது காகிதச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. துவைகல் வரும் இடத்தில் நான் நிறுத்த, "ம், படி" என்றாள். முடிந்ததும் மடித்த துணியை ஒதுக்கி வைத்தாள். பிறகு அவள் சொன்னதுதான் அந்த நாவலைப் பற்றி நான் கேட்ட விமர்சனத்திலேயே பெரிது.

"கெட்டிக்காரன் எழுதியிருக்கான். ஆனா ஒண்ணு தப்பு. எட்டு வருசம் கடுதாசி வருது, கையெழுத்து தங்கச்சியோடது இல்லன்னு அக்காகாரிக்குத் தெரியாதா?"

"அவன் அதே மாதிரி எழுதப் பழகிட்டான்னு வருதுக்கா."

"போலீச ஏமாத்தலாம். கூடப் பொறந்தவள ஏமாத்த முடியுமா?" என்று உள்ளே போய், ஒரு வாழ்த்து அட்டையைக் கொண்டுவந்தாள். ஓரம் மஞ்சளாகியிருந்தது. "இங்க பாரு. எந்தங்கச்சிக்குக் கொம்பு சுழிக்கத் தெரியாது. கோழி சீச்ச மாதிரி இருக்கும். இத எந்தத் திருட்டுப் பய எழுதுவான்?"

நான் பக்கத்துக்குப் பக்கம் படித்தவள். பஸ் முழுக்கத் துப்பறிந்தவர்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. குற்ற நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: பிணத்தை எங்கே வேண்டுமானாலும் ஒளித்து வையுங்கள், ஆனால் தேடுகிறவளை முட்டாளாக்காதீர்கள். அப்புறம் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, வசந்தி முதல்ல வந்து இறங்குற இடம் லயமா, முச்சந்தி பஸ் ஸ்டாப்பா?" அவள் என்னை உற்றுப் பார்த்தாள். லயத்தைத்தான் இடிப்பார்கள். பஸ் ஸ்டாப் பெரிய ரோட்டில் இருக்கிறது, அரசாங்கத்துடையது. யாரும் தொடமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் அக்கா சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து சேர்ந்தாள். ஆபீஸ் திறந்ததும் கொடுத்துவிட்டு வருவதாகத் திட்டம். வீட்டை அதுவரை யாருக்கும் மாற்றி எழுதவில்லை என்று திலகா கெராணியிடம் விசாரித்து வந்திருந்தாள். நான் பேக்டரிப் பெட்டிகளில் எழுதும் தடித்த மை பேனாவோடு பஸ் ஸ்டாப் சுவருக்கு முன்னால் நின்றேன். பஸ் வந்து நிற்க, பாக் டின் தலையை நீட்டி, "இக்லான் ஆலோங் கே?" என்றார். வட்டிக்காரர் விளம்பரமா என்று. அவர்கள் இப்படித்தான் பஸ் ஸ்டாப்பில் எழுதுவார்கள். இல்லை, தங்கச்சிக்கு விலாசம் என்று என் ஓட்டை மலாயில் சொன்னேன். அவர் இறங்கி வந்து, நான் எழுதி முடித்ததும் தானும் ரோமன் எழுத்தில் எழுதுவதாகச் சொன்னார். தமிழ் தெரியாதவர்களிடம் வழி கேட்டால்? என்றார். இந்தத் தடவை அவருக்கு எல்லாம் சரியாகவே புரிந்திருந்தது.

அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். வசந்திக்கு, அக்கா இருக்கும் இடம், புளோக், மாடி, கதவு எண். "கீழ ஒன் தாமான் வீட்டு நம்பரையும் போடு," என்றாள். "நான் இல்லாத நேரத்துல வந்தா ஒங்கிட்ட வரட்டும். அவளுக்கும் சோறு போட ஒரு அக்கா வேணும்ல?" யாரோ ஒருத்தி தேடி வந்து சேரவேண்டிய இடமாக என் வீட்டை எவரும் அதுவரை சொன்னதில்லை. பேனாவை ஊன்றினேன். கை தன் பாட்டுக்கு ஓடியது. சுவரில் 'அறந்' என்று விழுந்துவிட்டது.

சுவருக்குப் புதுப் படிவம் கிடையாது. அதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்திலேயே இந்த நாட்டு எண்ணை எழுதினேன். நான் பஸ்ஸில் ஏறியதும், "அது என்னா, அடிச்சி எழுதியிருக்க?" என்று கீழே நின்றபடி கேட்டாள் அக்கா. நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து திலகா குரல் கொடுத்தாள். "அது கெடக்கட்டும் லா. இன்னைக்கு யாரு செத்தா?"

"யாரும் சாவல," என்றேன். தினமும் காலையில் அந்தச் சுவரின் கீழ்தான் நிற்கிறேன். மழைச்சாரலில் மற்ற எழுத்தெல்லாம் கொஞ்சம் மங்கிவிட்டன. அடித்த அந்த மூன்று எழுத்து மட்டும், இரண்டு தரம் மை பட்டதாலோ என்னவோ, அப்படியே இருக்கிறது.